நெடுநட்பும் திருப்பாட்டும்

நட்பென்பது உலகியலில் இன்பதுன்பங்களை ஒருவரோடொருவர் பகிர்ந்துகொள்ளும் கேண்மையாகவே கருதப்படும். சைவநூற் பயிற்சியுடையார் சிலர் இதன்கண் ஓர் ஐயம் நிகழ்த்துவர். மனைவாழ்க்கையையும் பொருளையும் வெறுத்து இறைவன் திருவடியே பற்றிய பெரியார்க்கு நட்புமட்டும் எங்ஙனம் பொருந்தும்? அதுவும் ஒரு பாசமன்றோ? என்பது அவ்வையம். நம்பியாரூரர்க்கும் சேரமான் பெருமாணாயனார்க்கும் இடையே நிலவிய நெடுநட்பினையும், அந்நட்பின் வழித் தோன்றிய திருப்பாட்டுக்களையும் ஆராயுமிடத்து இவ்வையம் தானே நீங்கும்.

தமிழகத்தில் நட்பினைப் பாடும் மரபு மிகப் பழைமையுடைத்து. உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழன் அரசு துறந்து வடக்கிருந்த காலை, பாண்டிநாட்டுப் பிசிர் என்னும் ஊரினராகிய ஆந்தையார் வருவாரென்று உறுதி கூறி, அவர்க்கு இடமொழித்து வைக்குமாறு பணித்தான். அதற்குமுன் அவ்விருவரும் ஒருவரையொருவர் கண்டாரல்லர். ஆந்தையாரும் வந்து உடன் வடக்கிருந்தார். இச்செய்திகளைப் புறநானூற்றுப் பாட்டுக்கள் அறிவிக்கின்றன. புணர்ச்சியும் பழகுதலும் இன்றியும் உணர்ச்சியொப்புமையே நட்பினைத் தரும் என்னும் திருக்குறட் கருத்திற்குப் பரிமேலழகர் எடுத்துக்காட்டுவதும் இவ்விருவரையே.

காணாமுன்னர்த் தோன்றிய கேண்மை என்னும் அப்பண்பு நம்பியாரூரர், சேரமான் ஆகிய இருவரிடத்தும் காணப்படுகின்றது. திருவாரூரில் திருத்தொண்டத்தொகை அருளிச்செய்தபொழுது கழறிற்றறிவாரை மழைபோலும் கொடையுடையாரெனப் போற்றி, அவர்க்குத் தம்மை அடியாராகக் கூறினார் ஆரூரர். சேக்கிழார் கூறும் முறைப்படி அவர் சேரமானைக் கண்டது அதன் பின்னரேயாம். சேரமானோ, நாடோறும் பூசைமுடிவில் கேட்கும் கூத்தப்பிரான் திருச்சிலம்போசை ஒருநாள் தாழ்க்கக் கண்டு உயிர்விடத் துணிந்தார். அப்பொழுது, தில்லையில் வன்றொண்டன் பாடலைக் கேட்டிருந்தமையால் தாழ்த்தோம் என்னும் திருவருள் வாக்கினால் ஆரூரரை அறிந்தார். ஆகவே ஒருவர்க்கொருவரை அறிவித்தவன் இறைவனே என்பது பெறப்படும்.

அதன்பின் சேரர்கோன் தம் நாடு விட்டுத் தில்லைக்குச் சென்று பொன்வண்ணத்தந்தாதி பாடினார். ஆண்டு நின்றும் திருவாரூர் புகுந்து நம்பியாரூரரைக் கண்டு வணங்க, அவரும் எதிர்வணங்கித் தழுவிக்கொண்டார். ஆரூர்ப் பெருமான் திருமுன்பு மும்மணிக்கோவை பாடப்பெற்றதும் அக்காலத்தேயாம். தம்பிரான் தோழர் எனப்பெற்றவர் அன்றுதொட்டுச் சேரமான்றோழர் என்றும் வழங்கப்பெற்றார். இருவரும் ஒருங்கு சென்று திருமறைக்காடு, மதுரை, திருப்பரங்குன்றம், திருக்குற்றாலம், திருநெல்வேலி, இராமேச்சுரம் முதலிய தலங்களை வழிபட்டனர். பின்னர்ச் சேரமான் தம் நண்பரைக் கொடுங்கோளூர்க்கு அழைத்துச்சென்று, யானைமேல் ஏற்றித் தாம் பின்னிருந்து கவரி வீசினார். முடிமன்னர் ஒருவர் அடியவர்க்குக் கவரி வீசியது தோழமை அடிமையாய்க் கனிந்த நிலையேயாம்.

இனி, இவையெல்லாம் சேக்கிழார் தம் கவிநலத்தாற் படைத்துக்கொண்டவை போலும் என்பார் உளர். அது பொருந்தாது. திருப்பரங்குன்றப் பதிகத்தின் இறுதியில் ஆரூரரே, தாம் அதனை முடிமன்னர் மூவர் முன்னிலையில் மொழிந்ததாகக் குறித்தருளினார். பாண்டியனோடும் சோழனோடும் ஆண்டு உடனிருந்த மூன்றாம் வேந்தர் சேரமானே யென்பது பெரியபுராணத்தால் விளங்கும். திருவஞ்சைக்களப் பதிகம் பாட்டுத்தோறும் கடற்கரை மகோதையைப் பாடுகின்றது. அது சேரமான் தலைநகர். திருநொடித்தான்மலைப் பதிகமோ, தம்மைக் கொண்டுசெல்ல யானை அருளிய திறத்தை வியந்து, முடிவில் அப்பாடலை அஞ்சையப்பர்க்கு அறிவிக்குமாறு கடலரசனை வேண்டுகின்றது. கயிலைக்கு ஏகுங்காலத்தும் ஆரூரர் தம் இறுதிப்பாட்டினை நண்பரது நகரத்துப் பெருமானிடத்தே ஒப்புவித்தமை சிந்திக்கத்தக்கது.

சேக்கிழார்க்கு முற்பட்ட நம்பியாண்டார் நம்பியும், மானிட உடம்போடு வடகயிலை புக்கார் ஆரூரரும் சேரரும் அன்றி வேறெவரையும் அறியோம் என்னும் கருத்தினைத் தம் திருத்தொண்டர் திருவந்தாதியுள் வைத்தார். இவற்றிற்கெல்லாம் கண்கூடாய சான்று தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் உள்ளது. 1931-ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி அவர்கள், கருவறையைச் சூழ்ந்த இருண்ட நடையில் நாயக்கர் காலத்துப் பூச்சிற்கு அடியில் சோழர்கால ஓவியங்கள் மறைந்திருத்தலைக் கண்டு வெளிப்படுத்தினார். அவற்றுள் நம்பியாரூரர் வெள்ளானைமீதும் சேரமான் குதிரைமீதும் கயிலைநோக்கி விரையும் காட்சி தீட்டப்பெற்றுள்ளது. அக்கோயிலை எடுப்பித்த முதலாம் இராசராசன் காலம் 985 முதல் 1014 வரை. சேக்கிழார் காலத்து அநபாயனெனப்படும் இரண்டாங் குலோத்துங்கன் காலம் 1133 முதல் 1150 வரை. எனவே பெரியபுராணம் எழுதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே இந்நட்பு நாடறிந்த வரலாறாய்ச் சுவரிலும் இடம்பெற்றுவிட்டமை தெளிவு.

இந்நட்பின் முடிநிலை கயிலையிற் புலப்படுகின்றது. ஆரூரர் வெள்ளானைமேற் செல்வதை உள்ளத்தால் உணர்ந்த சேரமான், தம் குதிரையின் செவியில் திருவைந்தெழுத்தினை ஓதி விண்ணிற் செலுத்தி, யானையை வலஞ்செய்து முன்னாகச் சென்றார். ஆயினும் திருவாயிலில் தடைப்பட்டார். தனித்து உள்ளே சென்ற ஆரூரர் தம் பேற்றினளவில் அமைந்துவிடாது, சேரமான் புறத்தே நிற்பதனை இறைவன் திருமுன் விண்ணப்பித்தார். அழையாமல் வந்ததென்னை என்று பெருமான் வினவ, திருவருள் வெள்ளம் ஈர்த்துவந்ததென்று சேரமான் விடையிறுத்துத் தாம் பாடிய திருக்கைலாய ஞானவுலாவைக் கேட்டருள வேண்டினார். அவ்வுலாவே தமிழில் இவ்வகை நூல்களுக்கெல்லாம் முதலாதலின் ஆதியுலா எனப்பெறும். ஆண்டுக் கேட்ட சாத்தனார் அதனைத் திருப்பிடவூரில் வெளிப்படுத்தினார் என்பது வரலாறு.

இங்கு ஒன்று நோக்கற்பாலது. இவ்விருவர் பாடல்களுள் நட்பினைச் சிறப்பிப்பதற்கென்றே எழுந்த பாட்டு ஒன்றுமில்லை. அந்தாதியும் கோவையும் உலாவும் பதிகங்களும் சிவபெருமானையே பாடுவன. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி நின்றவரல்லர். இருவரும் ஒரு பொருளையே நோக்கி நின்றவர். அதனாலேயே அவர் நட்புக்கு முறிவில்லையாயிற்று. பாசமாவது உயிரை இறைவனினின்றும் பிரிப்பது. இக்கேண்மையோ இருவரையும் அவன்பாற் செலுத்தியது.

மெய்கண்டதேவர் சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில், மலமாசு நீங்கிய ஞானி மெய்யன்பரோடு இணங்கிச் சிவவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே கண்டு வழிபடுமாறு விதித்தார். அடியாரிணக்கம் பயில்வார்க்கு மட்டும் உரிய தொடக்கநிலையாயின், அதனை நூலின் இறுதியில் வைத்தல் வேண்டா. மலம் நீங்கியபின்னும் அது வேண்டப்படுமென்பதே ஆசிரியர் கருத்து. வீடெய்தும் வாயிலிலும் நண்பரை மறவாத ஆரூரர் செயல் அச்சூத்திரத்திற்கு வாழ்க்கையுரையாய் விளங்குகின்றது.

ஆடித் திங்கட் சுவாதி நாள் இவ்விருவர்க்கும் ஒருங்கே குருபூசை நாளாகும். இப்பொழுது கேரளநாட்டின்கண் அமைந்துள்ள திருவஞ்சைக்களத்திற்குத் தமிழ்நாட்டு அடியவர்கள் அந்நாளிற் சென்று வழிபடுதலும் உண்டு. அடியார் இருவரையும் ஒருநாளில் வைத்துப் போற்றும் அவ்வழக்கே, பாடாது விடப்பட்ட நட்புப் பாட்டினை ஆண்டுதோறும் பாடிவருகின்றது எனலாம்.

திருச்சிற்றம்பலம்.