ஜாக்ஸனின் பிரகடனமும் லிங்கனின் சுவீகாரமும்

ஒரு ஜனாதிபதி விட்டுச்சென்ற அரசியல் ஆஸ்தி அவருடைய கட்சியாருக்கே பிறப்புரிமையாகச் சேரும் என்று கொள்வது நம்மிடையே ஊறிப்போன அபிப்பிராயம். ஆனால், அமெரிக்காவின் ஏழாவது ஜனாதிபதியான ஆண்ட்ரூ ஜாக்ஸன் 1832 டிசம்பர் 10-ஆம் தேதி தென் கரோலினா மக்களை நோக்கி வெளியிட்ட பிரகடனம், பின்வந்தவர்களில் யார் கையில் துருவேறிக் கிடந்தது, யார் கையில் வாளாக நின்றது என்று ஆராய்வோருக்கு, சொந்தப் பிள்ளை கைவிட்ட ஆஸ்தியை எதிரி வீட்டுப் பிள்ளை சுவீகாரம் வந்து காத்த வரலாறே புலப்படும் என்பது என் துணிபு.

பிரகடனம் பிறந்த சந்தர்ப்பத்தைச் சுருக்கமாக நினைவுகூர்தல் வேண்டும். 1828-லும் 1832-லும் காங்கிரஸ் விதித்த இறக்குமதிச் சுங்க வரிகள், பருத்தி விற்று வாழ்ந்த தம்மை வாட்டுவன என்று மனம் கசந்த தென் கரோலினா மாகாணத்தார், 1832 நவம்பரில் மாநாடு கூட்டி, அச்சட்டங்கள் தம் எல்லைக்குள் செல்லா என்றும், பலாத்காரம் நேர்ந்தால் ஐக்கியத்தை விட்டே விலகுவோம் என்றும் தீர்மானித்தனர். ஜாக்ஸன் தாமே அடிமைகளை உடைய தென்னாட்டவர். மாகாண உரிமைகளில் பற்றுள்ளவர். அத்தகையவர், அயல்நாட்டு மந்திரி எட்வர்ட் லிவிங்ஸ்டனின் துணையோடு எழுதிய பிரகடனத்தில், ஐக்கியமென்பது மாகாணங்கள் தமக்குள் செய்துகொண்டு வேண்டும்போது முறிக்கத்தக்க உடன்படிக்கை அன்று, மக்கள் அனைவரும் கூடி அமைத்த ஓர் அரசு என்றும், சட்டத்தை நிறைவேற்றுதல் தம் கடமையாதலால் தம் விருப்பத்துக்கு அதில் இடமில்லை என்றும், ஆயுதபலத்தால் ஐக்கியத்தைக் குலைப்பது தேசத்துரோகமே என்றும் நிலைநாட்டினார். 1833 மார்ச் 2-ஆம் தேதி, படைபலத்தைப் பயன்படுத்த அதிகாரமளிக்கும் சட்டமும், ஹென்றி கிளே முயன்று கொணர்ந்த வரிக்குறைப்புச் சட்டமும் ஒருங்கே கையொப்பமாயின. தென் கரோலினாவும் தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது.

இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் அதே மாகாணம் பிரிவினைக்கு எழுந்தபோது ஜனாதிபதி பீடத்தில் இருந்தவர் ஜேம்ஸ் புக்கானன். ஜாக்ஸனின் டெமாக்ரடிக் கட்சியைச் சேர்ந்தவர். ஜாக்ஸனாலேயே ரஷ்யாவுக்குத் தூதராக அனுப்பப்பட்டவர். இவர் 1860 டிசம்பரில் காங்கிரஸுக்கு விடுத்த செய்தியில், பிரிந்துபோக மாகாணத்துக்கு உரிமையில்லை என்று கூறிய கையோடு, பிரிந்துபோகும் மாகாணத்தைப் பலவந்தமாக நிறுத்த மத்திய அரசுக்கு அதிகாரமுமில்லை என்றார். முற்பாதி ஜாக்ஸனுடையது; பிற்பாதியோ ஜாக்ஸனை மறுதலிப்பது.

ஆபிரகாம் லிங்கனோ 1832 தேர்தலில் ஜாக்ஸனை எதிர்த்து நின்ற கிளேயை ஆதரித்தவர். ஜாக்ஸனை முடிதரித்த மன்னர் என்று பழித்தே தோன்றிய விக் கட்சியில் அது மறையும் வரையில் உழைத்தவர். இத்தகையவர், பதவி ஏற்பதற்குச் சில வாரங்கள் முன் ஸ்பிரிங்ஃபீல்டில் தனித்திருந்து ஆரம்ப உரையை எழுதியபோது, அரசியல் சாசனம், கிளேயின் 1850-ஆம் ஆண்டுப் பேச்சு, செனட் சபையில் வெப்ஸ்டர் ஹெய்னுக்கு அளித்த விடை ஆகியவற்றோடு ஜாக்ஸனின் பிரகடனத்தையும் தருவித்துக்கொண்டார் என்று அவருடைய வக்கீல் தொழில் பங்காளி ஹெர்ண்டன் எழுதிவைத்திருக்கிறார். டெமாக்ரடிக் கட்சியாரை வசப்படுத்தும் உபாயமாகவே லிங்கன் ஜாக்ஸனின் பெயரை வழங்கினார் என்று ஆட்சேபிக்கலாம். மேடையில் வழங்கிய பெயரைப் பற்றி அவ்வாறு ஐயுற இடமுண்டு. ஆனால் பிறர் காணாத அறையில் ஒருவர் தேடிப் படிக்கும் ஏடு பிறரை மயக்குவதற்கன்று. 1861 மார்ச் 4-ஆம் தேதி அவர் நிகழ்த்திய உரையில், ஐக்கியம் சாசனத்துக்கும் மூத்தது, சட்டங்களை எல்லா மாகாணங்களிலும் நிறைவேற்றுதல் தமக்குக் கடமை என்ற இரு வாதங்களும் பிரகடனத்தின் எதிரொலியாகவே நிற்கின்றன.

சுவீகாரம் வந்தவர் ஆஸ்தி முழுவதையும் ஏற்கவில்லை. ஜாக்ஸன் தம் நிராகரிப்பு அதிகாரத்தால் தேசிய வங்கியை வீழ்த்தினார். லிங்கனோ 1863-ல் தேசிய வங்கிமுறையை ஏற்படுத்தும் சட்டத்தில் கையொப்பமிட்டார். இன்னொன்றையும் சொல்லாமல் விட என் மனம் இடந்தரவில்லை. சட்டம் எங்கும் செல்லவேண்டும் என்று முழங்கிய அதே 1832-ல், செரோக்கி மக்களின் நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டங்கள் செல்லா என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தும், அத்தீர்ப்பைக் காக்க ஜாக்ஸன் விரலையும் அசைக்கவில்லை. அவருடைய உண்மையான கட்சி வாரிசும் அடுத்த ஜனாதிபதியுமாகிய வான் பியூரன் 1838-ல் படையை ஏவி அம்மக்களை மேற்கே துரத்தினார். வழியிலும் முகாம்களிலும் சுமார் 4,000 பேர் மாண்டனர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. பிரகடனம் எதிரியிடம் சென்றது. இந்தப் பாவமோ சொந்தக் கட்சியிலேயே தங்கிற்று.

ஜாக்ஸன் தலைமை நீதிபதியாக்கிய ரோஜர் டேனியே லிங்கனுக்குப் பதவிப் பிரமாணம் செய்வித்தார். மூன்று மாதம் நிறைவதற்குள், ஆட்கொணர்விக்கும் ஆணையை லிங்கன் செய்ததுபோல் நிறுத்திவைக்க ஜனாதிபதிக்கு அதிகாரமில்லை என்று தீர்ப்பும் கூறினார். அதே ஆட்சேபத்தை 1863-ல் ஆல்பனி நகரத்து டெமாக்ரடிக் கட்சியார் மீண்டும் எழுப்பியபோது, ஜூன் 12-ஆம் தேதி லிங்கன் விடுத்த பதில் கடிதம் நியூ ஆர்லியன்ஸை நினைவூட்டியது. அங்கே 1815-ல் போர் ஓய்ந்த பின்னும் ராணுவச் சட்டத்தை நீக்காத தளபதி ஜாக்ஸன், தம்மைக் கண்டித்துப் பத்திரிகையில் எழுதியவரைச் சிறையிட்டதும், அவருக்கு விடுதலை தேடிய நீதிபதியையும் கைதுசெய்ததும், சமாதானம் உறுதியானபின் அந்நீதிபதி விதித்த 1,000 டாலர் அபராதத்தை மறுக்காமல் கட்டியதும், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்துக் காங்கிரஸ் அதை வட்டியோடு திருப்பித் தந்ததும் அதில் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. அதைப் பற்றிய காங்கிரஸ் விவாதத்தில் முன்னின்றவர் அந்நாளில் பிரதிநிதி சபையில் இருந்த ஸ்டீபன் டக்ளஸ் என்பதையும் லிங்கன் குறிப்பிட மறக்கவில்லை. தம்மோடு ஓயாது வாதிட்டு, 1860 தேர்தலில் தம்மை எதிர்த்து நின்ற அந்த டக்ளஸ் இறந்து, அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.