'காஸிப்': ஓர் உறவுச் சொல்லின் வரலாறு

வம்புப் பேச்சு என்று இன்று பொருள்படும் 'காஸிப்' என்னும் ஆங்கிலச் சொல், முற்காலத்தில் ஞானஸ்நானத்தால் உண்டாகும் உறவைக் குறித்தது. பழைய ஆங்கிலத்தில் 'ஸிப்' என்பது இரத்த உறவு. சமாதானம் என்பதும் அதன் பொருளே. உறவின்முறையாரிடையே பகை ஆகாது என்ற எண்ணம் இதில் அடங்கியிருக்கிறது எனலாம். இதனுடன் கடவுளைக் குறிக்கும் 'காட்' இணைந்து 'காட்ஸிப்' ஆயிற்று. பிள்ளையைப் பெற்றோருக்கும் அதன் ஞானப்பெற்றோருக்கும் உள்ள தொடர்பு அது. மணத்தினால் இரு வீட்டார் சம்பந்திகளாவது போல, ஞானஸ்நானத்தினால் இவர்கள் காட்ஸிப் ஆயினர்.

அவ்வுறவு வெறும் மரியாதை உறவன்று. டேனியர் தாக்குதலால் இங்கிலாந்து நிலைகுலைந்திருந்த 1014ஆம் ஆண்டளவில், யார்க் பேராயர் உல்ஃப்ஸ்டன் தம் புகழ்பெற்ற பிரசங்கத்தில் மக்களின் பாவங்களை அடுக்குகையில், காட்ஸிப்களும் ஞானப்பிள்ளைகளும் கொல்லப்படுவதையும் சேர்த்துப் புலம்புகிறார்.

திருமணத்தையும் அது கட்டுப்படுத்தியது. ஞானத்தந்தை தன் ஞானமகளை மணக்கலாகாது என்று பேரரசர் ஜஸ்டினியன் 530இல் சட்டமியற்றினார். பிற்காலத்தில் இத்தடை பெருகிப் பலரையும் பற்றியது. இதனை லூத்தர் 1520இல் வன்மையாகச் சாடினார். ஞானஸ்நானம் பெற்ற யாவரும் ஆவியில் சகோதர சகோதரிகள். அவ்வுறவு மணத்துக்குத் தடையாயின், கிறிஸ்தவன் எந்தக் கிறிஸ்தவளை மணப்பது? விடை கூறுதற்கு அரிய வினா! கடவுளின் சட்டம் விலக்காத மணங்களைத் தடுத்தல் கூடாதென எட்டாம் ஹென்றியின் காலத்தில் 1540இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் சட்டம் செய்தது. ரோமச் சபையும் திரெந்து சங்கத்தில், 1563இல், இவ்வுறவின் எல்லையைச் சுருக்கிற்று.

சொல்லின் வீழ்ச்சிக்கு வேறு காரணம் உண்டு. பிரசவ வேளையில் உதவிக்குக் கூடிய பெண்களும் 'காஸிப்' எனப்பட்டனர். வேதனைப்படுபவளுக்குத் துணையிருந்தோரின் உரையாடல், அறைக்கு வெளியே நின்றவர்களுக்கு வீண்பேச்சாகத் தோன்றியது போலும்! 16ஆம் நூற்றாண்டில் அச்சொல் வம்பளப்பவரையும், 19ஆம் நூற்றாண்டில் வம்பையே குறிக்கலாயிற்று.

'ஸிப்' மட்டும் அறிவியலாரின் கையில் மறுவாழ்வு பெற்றது. உடன்பிறந்தாரைக் குறிக்கும் 'ஸிப்ளிங்' 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் வழக்குக்கு வந்தது. மானிடவியலார் ராபர்ட் லோவி, தாய்வழியோ தந்தைவழியோ ஒரே வழியில் வந்த குலத்திற்கு 1920இல் 'ஸிப்' என்றே பெயரிட்டார். சமாதானம் என்னும் பழம்பொருளை எவரும் மீட்கவில்லை.