ஒளியை அளந்த இருவர்

இருண்ட அறையொன்றிலே ஒரு மெழுகுதிரியை ஏற்றினால், அறையே மாறிவிட்டது என்று கண் சொல்லும். நூறு மெழுகுதிரிகள் எரியும் மண்டபத்திலே இன்னுமொன்றை ஏற்றினாலோ, கண் அதனைப் பொருட்படுத்துவதில்லை. இரண்டிடத்தும் கூடிய ஒளி ஒன்றே. உணர்வு மட்டுமே வேறு. எனவே கமராவானது உள்ள ஒளியை உள்ளபடி எழுதவேண்டுமா, அன்றிக் கண் உணரும் வண்ணம் எழுதவேண்டுமா என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதன் தொடக்கத்தில் நிற்போர் இருவர்.

இங்கிலாந்திலே, அக்காலத்து லங்காஷயர்ப் பகுதியில், விட்னஸ் என்பது சோடா உப்புத் தொழிற்சாலைகள் நிறைந்த ஊராக இருந்தது. அங்கே பணியாற்றிய பேர்டினன்ட் ஹேர்ட்டர் சுவிற்சர்லாந்தில் பிறந்த இரசாயன அறிஞர். அவருடைய நண்பர் வீரோ சார்ள்ஸ் டிரிபீல்ட் ஒரு பொறியியலாளர். புகைப்படத்தில் நாட்டங்கொண்ட டிரிபீல்ட், 1876 ஆம் ஆண்டளவில் ஹேர்ட்டரையும் அதில் ஈடுபடுத்தினார். ஆய்வுகூடத்தில் எதனையும் நிறுத்தும் அளந்தும் பழகிய ஹேர்ட்டருக்கு, ஊகத்தால் நடைபெற்ற அக்காலத்துப் புகைப்பட வேலை நிறைவளிக்கவில்லை. எவ்வளவு ஒளிக்கு எவ்வளவு கருமை என்று அளந்தறிய இருவரும் முனைந்தனர்.

பகலில் தொழிற்சாலை வேலை. ஓய்வு நேரத்தில் ஆராய்ச்சி. குறித்த தூரத்தில் மெழுகுதிரியை நிறுத்தி, கண்ணாடித் தகட்டின் பகுதிகளுக்குப் படிப்படியாக இருமடங்காகும் நேரம் ஒளி காட்டினர். பின்னர் ஒவ்வொரு பகுதியிலும் படிந்த கருமையை அளந்து, ஒளியின் மடக்கைக்கு எதிராக வரைபு வரைந்தனர். கிடைத்தது ஒரு வளையி: தொடக்கத்தில் மெல்ல எழுந்து, நடுவில் நேர்கோடாய் ஏறி, முடிவில் வளைந்து தணிவது. 1890 இல் அதனை வெளியிட்டனர். நேர்கோட்டுப் பகுதியின் சாய்வே ‘காமா’ என்னும் கிரேக்க எழுத்தால் குறிக்கப்படலாயிற்று. தகட்டை இரசாயனக் கரைசலில் நெடுநேரம் வைத்தால் காமா கூடும். விரைவில் எடுத்தால் குறையும்.

கலையை மெழுகுதிரியாலும் மடக்கையாலும் அளப்பதா என்று சினந்தோரும் இருந்தனர். எனினும் அளவை நிலைத்தது. 1898 இல் அரச புகைப்படச் சங்கம் தனது முன்னேற்றப் பதக்கத்தை இருவருக்கும் வழங்கியது. அவ்வாண்டிலேயே ஹேர்ட்டர் காலமானார்.

அடுத்த அத்தியாயம் தொலைக்காட்சியுடையது. பழைய பெட்டிகளில் இருந்த கதோட்டுக் கதிர்க் குழாய்க்கு ஒரு குணம் உண்டு. அதற்குப் பாதியளவு மின்னழுத்தம் கொடுத்தால் பாதியளவு ஒளி வருவதில்லை. ஐந்திலொரு பங்கிலும் குறைவாகவே வரும். இக்குறையை ஒவ்வொரு வீட்டுப் பெட்டியிலும் திருத்துவது பெருஞ்செலவு. ஆகவே நிலையத்துக் கமராவிலேயே எதிர்மாறான வளைவைக் கொடுத்துத் திருத்தினர். அமெரிக்கா 1953 இல் ஏற்றுக்கொண்ட வண்ணத் தொலைக்காட்சி நியமத்திலே 2.2 என்னும் காமா குறிக்கப்பட்டது. வியப்பு யாதெனில், திருத்தத்துக்காக இட்ட வளைவு, நம் கண் ஒளியை உணரும் முறைக்கும் ஏறக்குறைய ஒத்திருந்தது. அதனாலேதான், அக்குழாய்கள் மறைந்த பின்னும் அவ்வளைவு மறையவில்லை.

இன்றைய இலக்கமுறைக் கமராவின் உணரி, ஒளி இருமடங்கானால் இருமடங்கு கணக்கே காட்டும். தொழிற்சாலைகளிலே பொருட்களைச் சோதிக்கும் கமராக்களில், இக்கணக்கை உள்ளபடி விடுவதா, வளைத்து அனுப்புவதா என்று தெரிவு செய்ய ஓர் ஒழுங்கு வைத்திருப்பர். அதன் பெயரும் காமாவே.

கணக்கொன்று பார்ப்போம். வெண்மைக்கு 255, கருமைக்கு 0 என்று கொள்வோம். முழுவொளியின் நூற்றுக்கு 1 பங்கிலிருந்து 2 பங்குக்கு ஏறும்போது, வளைக்காத கமராவில் இரண்டு மூன்று படிகளே மாறும். 2.2 என்னும் அளவுக்கு வளைத்தால் 31 இலிருந்து 43 வரை, 12 படிகள் கிடைக்கும். இருளில் கிடப்பது கண்ணுக்குத் துலங்கும். மாறாக, நூற்றுக்கு 80 இலிருந்து 90 வரை செல்லும் ஒளிக்கு, வளைக்காதபோது 26 படிகள். வளைத்தபின் 13 மட்டுமே. வெண்ணிறப் பொருளிலுள்ள மெல்லிய கீறலைத் தேடுவோருக்கு இது நட்டமாகும். மேலும், வளைத்த கணக்கிலே ஒளி இருமடங்கானாலும் எண் ஏறத்தாழ 1.37 மடங்கே ஆகும். அதனை ஒளியின் அளவென்று நம்பிக் கூட்டியும் சராசரி எடுத்தும் முடிவு செய்தால், அம்முடிவு பிழைத்துவிடும்.

ஆகவே விதி எளிது. மனிதர் பார்ப்பதற்கான படமாயின் வளைக்கலாம்; ஒளியை அளப்பதற்கான படமாயின் காமா 1 ஆக இருத்தல் வேண்டும். ஓர் எச்சரிக்கையும் உண்டு. சில கமராக்களில் இவ்வளைவை 2.2 என்றும், வேறு சிலவற்றில் அதன் தலைகீழான 0.45 என்றும் எழுதுவர். கைநூலைப் பாராது எண்ணை இடுபவர், ஒளிர வேண்டியதை இருளச் செய்துவிடுவார்.

வகுப்பறையிலே மாணவருக்கு நான் அடிக்கடி கூறுவதொன்றுண்டு: இனிமையாகச் சொல்வது வேறு, உள்ளபடி சொல்வது வேறு, இரண்டுக்கும் இடமுண்டு, ஆனால் ஒன்றை மற்றதென்று மயங்குதல் ஆகாது. சோதனைக் கமராவின் முன் வரும் பொருள் மருந்துக் குளிகையாகவும் இருக்கலாம், வாகனத்தின் தடுப்புக் கருவியாகவும் இருக்கலாம். அங்கே அழகாகத் தோன்றும் பொய்யான படம் ஓர் உயிருக்கே கேடாகலாம். விட்னஸ் ஊரின் இரு நண்பர் மெழுகுதிரியொளியில் தேடியது இந்த வேறுபாட்டையே. கண்ணை அவர்கள் இகழவில்லை; கண்ணுக்குத் துணையாக அளவுகோலொன்றை வைத்துச் சென்றார்கள்.