ஆந்திராசைக்ளின் மருந்துகளும் இதயப் பாதுகாப்பும்

புற்றுநோய்க்கான கீமோதெரபியில் இதயத்தைப் பாதிக்கும் மருந்துகளுள் முதன்மையானவை ஆந்திராசைக்ளின் வகையைச் சேர்ந்தவை. இவ்வகையின் முதல் மருந்தான டவுனோரூபிசின், இத்தாலிய மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. 1960களில் இது இரத்தப் புற்றுநோயை அடக்கியது. ஆனால் நோய் தணிந்தவர்களில் சிலருக்கு இதயம் செயலிழந்தது.

முதல் பாதுகாப்பு ஒரு கணக்கிலிருந்து வந்தது. டாக்சோரூபிசின் பெற்ற சுமார் 4,000 பேரின் பதிவுகளை ஆராய்ந்த 1979ஆம் ஆண்டு ஆய்வு, உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு மொத்தம் 550 மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்து வேகமாக உயர்வதைக் காட்டியது. வாழ்நாள் மொத்த அளவுக்கு வரம்பு வைப்பதும், எக்கோ பரிசோதனை செய்வதும் வழக்கமாயின. இதயத்தைக் காக்கும் டெக்ஸ்ராசோக்சேன் மருந்துக்கு 1995இல் அமெரிக்கா அனுமதி அளித்தது.

தமிழ்நாட்டில், மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இவ்வரலாற்றில் இடம்பெறுகிறது. 1980களில் உருவான எம்.சி.பி. 841 என்ற சிகிச்சைமுறை மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, தில்லி எய்ம்ஸ், அடையாறு ஆகிய மூன்றிலும் பின்பற்றப்பட்டது. டவுனோரூபிசினும் அதில் அடங்கும். இரத்தப் புற்றுநோயிலிருந்து பிழைக்கும் குழந்தைகள் பெருகினர்.

இதயப் பாதிப்பு பல ஆண்டுகள் கழித்தும் வெளிப்படலாம். எனவே குழந்தைப் பருவத்தில் பெற்ற மருந்தின் பெயரையும் மொத்த அளவையும் குறித்த மருத்துவச் சீட்டு, அவர்கள் வாழ்நாள் முழுவதும் பாதுகாக்க வேண்டிய ஆவணமாகும்.