'குற்றாலம் பக்கம்'னு மட்டும் சொல்லாதீங்க... தென்காசிச் சீமைக்கு வந்து சேர்ந்தவர்களின் கதை!

"எந்த ஊருப்பா?"னு சென்னையில் யாராவது கேட்டால், ராயகிரிக்காரர் என்ன சொல்வார்? "குற்றாலம் பக்கம்ண்ணே!" அதோடு பேச்சு அருவிக்குப் போய்விடும். ஆனால், சிவகிரி தாலுகாவில் இருக்கும் இந்தப் பேரூராட்சியைச் சுற்றி நடந்த சமாசாரங்கள் அருவியைவிட சுவாரஸ்யமானவை.

இங்கே வந்து வேர்விட்டவர்களில் பெரிய கை, பாண்டியர்கள். மதுரை கைவிட்டுப் போனபிறகு தெற்கே நகர்ந்தவர்கள், தென்காசியைத் தலைநகராக்கினார்கள். 1446-ல் காசி விஸ்வநாதர் கோயிலைக் கட்ட ஆரம்பித்தார் பராக்கிரம பாண்டியன். இந்தக் கோயிலைக் காப்பாற்றுகிறவர்களின் காலில் விழுந்து வணங்குகிறேன் என்று கல்வெட்டிலேயே சொல்லி வைத்திருக்கிறார். ஒரு ராஜா இப்படிக் கேட்கிறார் என்றால், தன் அரசு நிலைக்காதுனு அவருக்கே தெரிந்திருக்குமோ? பள்ளிக்கூடத்தில் 'வெற்றி வேற்கை' படிச்சிருப்பீங்களே, அதை எழுதிய அதிவீரராம பாண்டியனும் இதே வம்சம்தான்.

அடுத்தது பாளையங்கள். 16-ம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர்கள் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள். சிவகிரி, சொக்கம்பட்டி, ஊத்துமலை என்று மலையோரப் பாளையங்கள் மறவர்கள் கையில் இருந்தன. மலையடிவாரம், குளத்துப் பாசனம், செங்கோட்டை வழியாக மலையாள நாட்டுக்குக் கணவாய். விட்டுக்கொடுக்க மனசு வருமா?

பூலித்தேவருக்கு வரவில்லை. கிஸ்தி கேட்டு 1755-ல் கர்னல் ஹெரான் படையோடு நெற்கட்டும்செவலுக்கு வந்தார், வெறுங்கையோடுதான் திரும்பினார். கட்டபொம்மன் தூக்கிலிடப்படுவதற்கு 44 வருடங்களுக்கு முந்தைய சம்பவம் இது! வரி நெல் கட்ட மறுத்ததால் ஊர்ப்பெயரே 'நெற்கட்டான்செவல்' ஆச்சுன்னு உள்ளூரில் சொல்வார்கள். 1761-ல் கோட்டையைப் பிடித்தது ஆங்கிலேயரில்லை, அவர்களுக்காகப் போரிட்ட நம்மூர் யூசுப்கான். 1767-ல் வாசுதேவநல்லூர் மண்கோட்டையும் விழுந்தது. அதற்குப் பிறகு பூலித்தேவர் என்ன ஆனார்? சங்கரன்கோவில் கோயிலுக்குள் போனவர் ஜோதியில் மறைந்துவிட்டார் என்பது மக்கள் நம்பிக்கை. அவருடைய படைத்தளபதி ஒண்டிவீரனின் பெயர் ரொம்ப காலம் வெளியே தெரியாமலே இருந்தது. இப்போதுதான் உரக்கப் பேசுகிறோம்.

சண்டை ஓய்ந்ததும் பாளையங்கள் ஜமீன்களாகின. பாட்டுக்கு நல்ல காலம் வந்தது! சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரை ஊத்துமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் ஆதரித்தார். முப்பது வயதைத் தொடும் முன்பே ரெட்டியார் இறந்துவிட்டார். கழுகுமலை முருகன்மேல் அவர் எழுதிய காவடிச் சிந்து மட்டும் இன்றுவரை கச்சேரி மேடையில் இருக்கிறது.

செங்கோட்டை கதை தனி. 1956 நவம்பர் 1 வரை அது சென்னை மாகாணத்திலேயே இல்லை. கேரளம் உருவாகும்வரை அந்தப் பக்கத்து நிர்வாகம்தான். ஆக, 1911-ல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனும், மேடையில் பாடி ஊரையே மயக்கிய எஸ்.ஜி.கிட்டப்பாவும் பிறந்தது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில்!

2019 நவம்பர் 22-ல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானது. பூலித்தேவருக்கு நெற்கட்டும்செவலில் அரசு நினைவு மாளிகை இருக்கிறது. செப்டம்பர் 1, அவர் பிறந்தநாள். குற்றால சீசனுக்கு வருகிறவர்கள் அங்கேயும் வண்டியைத் திருப்பலாம்.