உயர்தர ஒலி, ஒளிக் கருவி ஆர்வம் (சிங்கப்பூர்)

உயர்தர ஒலி, ஒளிக் கருவிகளைத் தேடி வாங்கி, ஒன்றோடொன்று பொருத்தி, பழுது நீக்கி, அவற்றில் இசை கேட்பதையும் படம் பார்ப்பதையும் வாழ்நாள் ஈடுபாடாகக் கொள்ளும் வழக்கம். ‘ஹை-ஃபை’ என்ற சொல்லே தமிழிலும் நிலைத்துவிட்டது. பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர், டர்ன்டேபிள் முதல் இன்றைய ஸ்ட்ரீமர், புரொஜெக்டர் வரை எல்லாம் இதில் அடங்கும். சிங்கப்பூரில் இந்த ஆர்வம் அரை நூற்றாண்டைத் தாண்டியது. துறைமுக நகரம் ஆதலால் பிரிட்டிஷ், ஜப்பானிய, அமெரிக்கக் கருவிகள் எல்லாம் இங்கே தாராளமாக வந்து இறங்கின. கருவிக்கு என்றுமே பஞ்சமில்லை. அதை வைக்கும் அறையும் அதைச் சூழ்ந்த காற்றும்தான் இந்த ஆர்வத்தின் போக்கைத் தீர்மானித்தன. ஈசூன் போன்ற அடுக்குமாடி நகர்களில் இதைக் கண்கூடாகக் காணலாம்.

இரைச்சல் இல்லாத ஒலி என்றால் என்ன என்பதைச் சிங்கப்பூர் வீடுகளுக்கு முதலில் காட்டியது ரீடிஃபியூஷன். 1949இல் தொடங்கிய இச்சேவை கம்பி வழியே ஒலிபரப்பை வீட்டுக்கு வீடு கொண்டுசென்றது. சுவரில் ஒரு பெட்டி, மாதச் சந்தா, அவ்வளவுதான். அலைவரிசை தேடித் திருக வேண்டியதில்லை. 1980களில் சந்தாதாரர் எண்ணிக்கை ஒரு லட்சத்தைக் கடந்தது. 2012 ஏப்ரல் 30ஆம் தேதி சேவை நின்றது. தொலைக்காட்சி 1963 பிப்ரவரி 15இல் அறிமுகமானது. 1974இல் வண்ணம் வந்தது.

இன்று ‘விண்டேஜ்’ என்று தேடப்படும் கருவிகளில் பல இதே காலத்தில் மேற்கில் பிறந்தவை. எல்.பி. இசைத்தட்டு 1948இலும் ஸ்டீரியோ இசைத்தட்டு பத்தாண்டு கழித்தும் பரவத் தொடங்கின. கேரார்டு 301 டர்ன்டேபிள் 1954இலும், சுவிட்சர்லாந்தின் தாரன்ஸ் டிடி 124, பிரிட்டனின் குவாட் நிலைமின் ஸ்பீக்கர் ஆகிய இரண்டும் 1957இலும் வந்தன. இவை அறுபது, எழுபது ஆண்டுக்குப் பிறகும் ஓடுகின்றன என்பதே இந்த ஆர்வத்துக்கு ஆணிவேர்.

தமிழர்களைப் பொறுத்தவரை இந்த வரலாறு சிராங்கூன் சாலையிலிருந்து தொடங்குகிறது. ‘சிங்கப்பூர் டேப் ரிக்கார்டர்’ என்ற சொல் ஒரு தலைமுறைக்கு எவ்வளவு பெருமைக்குரியது என்பதைத் தஞ்சை, நாகை, புதுக்கோட்டைப் பகுதிகளில் வளர்ந்தவர்கள் அறிவார்கள். இந்தியாவில் இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்க வரியும் கடுமையாக இருந்த காலம் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைகளை இணைத்து ஓடிய ‘ரஜுலா’ கப்பலிலும், அதன் பின் வந்த ‘எம்.வி. சிதம்பரம்’ கப்பலிலும் ஊர் திரும்பியவர்களின் பெட்டிகளில் நேஷனல் பானசோனிக் டூ-இன்-ஒன் இடம்பெற்றிருக்கும். வானொலியும் கேசட்டும் ஒரே பெட்டியில் இருந்ததால் அந்தப் பெயர். சிங்கப்பூரின் மின்சாரமும் இந்தியாவின் மின்சாரமும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்ற ஒரே கணக்கில் அமைந்திருந்தது பெரிய வசதி. இங்கே வாங்கிய கருவி அங்கே டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமலே பாடியது. சிராங்கூன் சாலை வட்டாரத்தில் 1971இல் சிறு துணிக்கடையாகத் தொடங்கிய முஸ்தஃபா, பிற்பாடு பேரளவில் மின்னணுப் பொருள்களும் விற்கும் கடையானதற்கு இந்தப் பயணிகளே காரணம் என்று துணிந்து சொல்லலாம்.

கருவி வந்தபின் அதில் போடப் பாட்டு வேண்டும். தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் ‘ரிக்கார்டிங் சென்டர்’ முளைத்தது. பிடித்த பாடல்களைத் தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் எல்.பி.யிலிருந்து டி.டி.கே. அல்லது சோனி கேசட்டில் பதிந்து தருவார். ஸ்டீரியோவில் ஒலிப்பதிவான தொடக்ககாலத் தமிழ்த் திரைப்பாடல்களுள் இளையராஜா இசையமைத்த ‘ப்ரியா’ (1978) படப் பாடல்கள் குறிப்பிடத்தக்கவை. அந்தப் படம் பெரிதும் சிங்கப்பூரில் எடுக்கப்பட்டது என்பது பொருத்தமான தற்செயல். இன்று எக்கோ, இன்ரெகோ முத்திரையுடன் வந்த இளையராஜா எல்.பி.க்களைச் சிங்கப்பூர், மலேசிய, தமிழகச் சேகரிப்பாளர்கள் போட்டியிட்டு வாங்குகிறார்கள். அவற்றில் பல ரிக்கார்டிங் சென்டர்களில் நூற்றுக்கணக்கான முறை ஓடித் தேய்ந்தவை என்பதை வாங்குபவர் மனத்தில் வைக்க வேண்டும். உறை புதிதுபோல் இருப்பது எதற்கும் சான்றில்லை. தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தேய்மானம் தெரியும்.

கோல்மன் சாலையில் பழைய அடெல்ஃபி ஹோட்டல் இருந்த இடத்தில் எழுந்த ‘தி அடெல்ஃபி’ கட்டடம் 1980களுக்குப் பின் ஹை-ஃபை கடைகளின் கூடாரமாயிற்று. கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே போய், தன் சொந்த இசைத்தட்டைப் போடச் சொல்லிக் கேட்டுவிட்டு வாங்காமல் திரும்புவதும் அங்கே வழக்கம்தான். தேக்காவுக்கு அருகே சிம் லிம் டவர் மின்னணு உதிரிபாகங்களுக்கும் சிம் லிம் ஸ்குவேர் கணினி, ஒலிக் கருவிகளுக்கும் பெயர்பெற்றன. பழைய சாமான் தேடுபவர்களுக்குச் சுங்கை ரோடு சந்தை இருந்தது. தரையில் விரித்த பாயில் கைக்கடிகாரம், ரிமோட், கேசட் டெக் எல்லாம் கலந்து கிடக்கும். 2017 ஜூலை 10ஆம் தேதி அந்தச் சந்தை மூடப்பட்டது. நகரத்தின் பழைய கருவிகளுக்கு மறுபிறவி கொடுத்த இடம் அது. அந்த இழப்பை ஈடுசெய்ய வேறெதுவும் வரவில்லை.

சிங்கப்பூர் வாங்கி விற்கும் ஊராக மட்டும் இருக்கவில்லை. சிம் வோங் ஹூ 1981இல் தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனம் 1989இல் வெளியிட்ட ‘சவுண்ட் பிளாஸ்டர்’ அட்டை, கணினிக்குக் குரல் கொடுத்து உலகமெங்கும் பரவியது. 1992இல் நாஸ்டாக் சந்தையில் பட்டியலான முதல் சிங்கப்பூர் நிறுவனமும் அதுவே.

ஒளிக் கருவி வரலாற்றில் ஈசூனுக்குத் தனி இடமுண்டு. நாட்டின் முதல் பல்திரை அரங்கமான ‘ஈசூன் 10’ 1992 மே மாதம் இங்கேதான் திறக்கப்பட்டது. நல்ல திரையரங்க ஒலியைக் கேட்டுவிட்டு வீடு திரும்பியவர் வரவேற்பறையில் அதையே எதிர்பார்ப்பது இயல்பு. லேசர் டிஸ்க், வி.சி.டி., 1990களின் பிற்பகுதியில் டி.வி.டி. என்று வரிசையாக வந்தவை அந்த ஆசைக்குத் தீனி போட்டன.

இனி அறைக்கு வருவோம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீட்டின் படுக்கையறைகள் ஏறத்தாழ மூன்று மீட்டர் அகலம் கொண்டவை; கூரை 2.6 மீட்டர் உயரம். சுவரும் தளமும் கான்கிரீட். இரு சுவர்களுக்கிடையே ஒலி மோதித் திரும்பும்போது அலைநீளத்தின் பாதி அறையின் அகலத்துக்குச் சமமாகும் அதிர்வெண் குறிப்பாகப் பெருகிக் குமுறும். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். மூன்று மீட்டர் அகலத்துக்கு அந்த அதிர்வெண் சுமார் 57 ஹெர்ட்ஸ், கூரைக்கு 66 ஹெர்ட்ஸ். மிருதங்கத்தின் தொப்பி அடியும், இளையராஜா பாடல்களின் உயிரான பேஸ் கிட்டாரின் கீழ்ச் சுரங்களும் நடமாடும் பகுதி இது. ஒரு சுரம் மட்டும் அறையை நிரப்பி, அடுத்த சுரம் காணாமல் போகும். அறை சதுரமாக இருந்தால் இரு திசைக் குமுறலும் ஒன்றுகூடி நிலைமை மேலும் மோசமாகும். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து அரை மீட்டர் முன்னே இழுப்பது, மூலைகளில் கனத்த பஞ்சுப் பலகை வைப்பது, புத்தக அலமாரியைப் பின்சுவரில் நிறுத்துவது ஆகியவை ஆயிரக்கணக்கான வெள்ளி மதிப்புள்ள ஆம்ப்ளிஃபயர் செய்யாததைச் செய்யும்.

பிபிசி 1970களில் ஒலிபரப்பு வண்டிக்குள் வைக்க வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சின்னஞ்சிறு ஸ்பீக்கர் ஆசிய நகரங்களில் பெரும் விருப்பத்துக்குரியதானது இதனால்தான். அதன் பெட்டிக் கொள்ளளவு ஐந்து லிட்டர் அளவே. ஆழ்ந்த பேஸை அது தொடுவதே இல்லை. அதனால் அறையைக் குமுறச் செய்வதில்லை, கீழ்வீட்டுக்காரரின் தூக்கத்தையும் கெடுப்பதில்லை. மனிதக் குரலை அது தரும் நேர்த்திக்கு எம்.எஸ். சுப்புலட்சுமியின் 1963ஆம் ஆண்டு வேங்கடேச சுப்ரபாத இசைத்தட்டைப் போட்டுக் கேட்டாலே போதும்.

அடுத்தது காற்று. சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். 1970, 80களின் ஸ்பீக்கர் பலவற்றில் கூம்பைச் சட்டத்தோடு இணைப்பது ஃபோம் வளையம். இந்த ஈரத்தில் அது சிதைந்துபோகும். வலையைக் கழற்றி விரலால் தொட்டால் எரிந்த காகிதம்போல் உதிரும், கறுப்புப் பிசின் விரலில் ஒட்டும். அதை ஆல்கஹால் தொட்ட துணியால் பொறுமையாகத் துடைத்தெடுத்து, புதிய வளையத்தை ஒட்டி, பசை காயுமுன் 30 ஹெர்ட்ஸ் ஒலியை மெதுவாகச் செலுத்திக் கூம்பு உரசாமல் நடுவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்எஸ்3/5ஏயின் பேஸ் கூம்புக்கு ரப்பர் வளையம் என்பதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. கேசட் டெக்கின் பெல்ட் தார்போல் உருகும், இசைத்தட்டு உறையில் பூஞ்சை படரும். கேமராவுக்கான உலர்பெட்டியை இசைத்தட்டுக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் பயன்படுத்துவோர் உண்டு.

ஜப்பானிலிருந்து பழைய கருவி தருவிப்பவர் இரண்டைக் கவனிக்க வேண்டும். அங்கே மின்சாரம் 100 வோல்ட், ஆகவே டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். தோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60. ஏசி மோட்டாரோடு 60 ஹெர்ட்ஸுக்கான கப்பி பொருத்திய டர்ன்டேபிளை இங்கே அப்படியே ஓட்டினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டையில் பாடுவார். 1972இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 போன்ற நேரடி இயக்கக் கருவிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

அமெரிக்காவில் 2020இல் இசைத்தட்டு வருவாய் சி.டி. வருவாயை முந்தியது, 1986க்குப் பின் இதுவே முதல் முறை. சிங்கப்பூரிலும் இளையோர் தட்டு வாங்குகிறார்கள். கேசட்டுக்கு அந்த அளவு கவனம் கிடைப்பதில்லை. தமிழ்க் குடும்பங்களின் அலமாரிகளில் கோயில் கச்சேரி, திருமண நாகஸ்வரம், தாத்தாவின் குரல் என்று வீட்டிலேயே பதிந்த நாடாக்கள் இன்னும் இருக்கின்றன. கடையில் விற்ற பாட்டு வேறெங்காவது கிடைக்கும். இவற்றுக்கு மறுபிரதி கிடையாது. அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், பெல்ட் மாற்றிச் சுத்தம் செய்த டெக் ஒன்றில் போட்டு, இந்த ஆண்டே கணினிக்கு மாற்றிவிடுங்கள்.