2017 பி.எஸ்.என்.எல் மோடம் தாக்குதல்

2017 பி.எஸ்.என்.எல் மோடம் தாக்குதல் என்பது 2017 ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில், இந்திய அரசுடைமைத் தொலைத்தொடர்பு நிறுவனமான பாரத் சஞ்சார் நிகாம் லிமிடெட்டின் (பி.எஸ்.என்.எல்) அகலப்பட்டை வாடிக்கையாளர்கள் பயன்படுத்திய மோடம்களைச் செயலிழக்கச் செய்த இணையத் தாக்குதல் ஆகும். டெல்லியிலும் மும்பையிலும் சேவை வழங்கிய மகாநகர் டெலிபோன் நிகாம் லிமிடெட்டின் (எம்.டி.என்.எல்) வாடிக்கையாளர்களும் பாதிக்கப்பட்டதாகச் செய்திகள் வெளியாயின. தகவலைத் திருடுவது இத்தாக்குதலின் நோக்கமன்று. மோடத்தினுள் இருக்கும் மென்பொருளைச் சிதைத்து இணைய இணைப்பை நிறுத்துவதே இதன் நோக்கமாக இருந்தது. எனவே இது நிலையான சேவை மறுப்புத் தாக்குதல் என வகைப்படுத்தப்படுகிறது. பிரிக்கர்போட் என்னும் தீநிரலை உருவாக்கியவர் பின்னர் இதற்கு உரிமை கோரினார்.

சேவை மறுப்புத் தாக்குதலின் வகைகள்

ஒரு கணினிச் சேவையை அதற்கு உரியவர்கள் பயன்படுத்த முடியாதபடி தடுப்பது சேவை மறுப்புத் தாக்குதல் எனப்படும். திசைவி, மோடம் போன்ற பிணையக் கருவிகளைப் பொறுத்தவரை இதனை இரண்டாகப் பிரிக்கலாம்.

* தற்காலிகச் சேவை மறுப்பு: முறைகேடான பொதிகளையோ அளவுக்கு மீறிய பொதிகளையோ அனுப்பிக் கருவியைத் திணறச் செய்தல். கருவியை அணைத்து மீண்டும் இயக்கினால் பெரும்பாலும் நிலைமை சீராகிவிடும்.
* நிலையான சேவை மறுப்பு: கருவியின் பிளாஷ் நினைவகத்தில் உள்ள நிலைபொருளை அழித்தல். கருவியை மீண்டும் இயக்கினாலும் அது எழாது. நிலைபொருளை மறுபடி பதிய வேண்டும், அல்லது கருவியையே மாற்ற வேண்டும்.

முதல் வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, சிஸ்கோ நிறுவனம் 2003 ஜூலையில் அறிவித்த ஐ.ஓ.எஸ் இயங்குதளக் குறைபாடு ஆகும். திசைவியின் ஒவ்வொரு இடைமுகத்திலும் உள்வரும் பொதிகள் காத்திருப்பதற்கு ஒரு வரிசை உண்டு. அதன் இயல்பான கொள்ளளவு 75 பொதிகள். 53, 55, 77, 103 ஆகிய நெறிமுறை எண்களைக் கொண்ட சில பொதிகள் திசைவியை முகவரியாகக் கொண்டு வரும்போது, அவை வரிசையிலிருந்து நீக்கப்படாமல் அங்கேயே தங்கிவிட்டன. வரிசை நிரம்பியதும் அந்த இடைமுகம் வேறு எந்தப் பொதியையும் ஏற்கவில்லை. திசைவியை மீள இயக்கினால் வரிசை காலியாகி இயல்பு நிலை திரும்பியது.

இரண்டாம் வகை நடைமுறையில் சாத்தியம் என்பதை எச்.பி நிறுவனத்தின் ஆய்வாளர் ரிச் சுமித் 2008 ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த பாதுகாப்பு மாநாடு ஒன்றில் விளக்கினார். இவ்வாறு செயலற்றுப்போன கருவியைச் செங்கல்லுக்கு ஒப்பிட்டு ஆங்கிலத்தில் 'பிரிக்' என்பர். பிரிக்கர்போட் என்னும் பெயர் இதிலிருந்தே வந்தது.

பிணைய அமைப்பு

பி.எஸ்.என்.எல் 2005 ஜனவரியில் டேட்டாஒன் என்னும் பெயரில் அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியது. ஏற்கனவே வீடுகளுக்கு இழுக்கப்பட்டிருந்த தொலைபேசிச் செப்புக் கம்பி வழியாகவே டி.எஸ்.எல் தொழில்நுட்பத்தில் இச்சேவை அளிக்கப்பட்டது. கம்பியின் ஒரு முனையில் வாடிக்கையாளரின் மோடமும், மறுமுனையில் தொலைபேசி இணைப்பகத்தில் டிஸ்லாம் எனப்படும் தொகுப்புக் கருவியும் இருக்கும்.

டி.எஸ்.எல் குறிகை தொலைவு கூடக் கூட நலிந்துவிடும். ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு மேல் அது பயன்படாது. எடுத்துக்காட்டாக, விருதுநகர் மாவட்டத்தின் இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும் 04563 என்னும் ஒரே தொலைபேசிக் குறியீட்டெண்ணைக் கொண்டவை. எனினும் அவற்றுக்கு இடையே பத்துக் கிலோமீட்டருக்கும் சற்று மேற்பட்ட தொலைவு உள்ளதால், ஓர் ஊரின் இணைப்பகத்திலிருந்து மற்ற ஊரின் வீடுகளுக்கு டி.எஸ்.எல் வழங்க இயலாது. இரண்டு ஊர்களுக்கும் தனித்தனிக் கருவிகள் வேண்டும். அக்கருவிகள் நாடளாவிய தேசிய இணைய முதுகெலும்புப் பிணையத்துடன் இணைக்கப்பட்டிருக்கும்.

மனிதக் குரல் 4 கிலோஹெர்ட்சுக்கு உட்பட்ட அலைவெண்களிலும், டி.எஸ்.எல் தரவு அதற்கு மேற்பட்ட அலைவெண்களிலும் ஒரே கம்பியில் செல்கின்றன. ஆகவே மோடம் முற்றிலும் செயலிழந்தாலும் தொலைபேசி தொடர்ந்து வேலை செய்யும்.

மோடம் என்று அழைக்கப்பட்டாலும், வீட்டில் உள்ள இப்பெட்டி பெரும்பாலும் திசைவியாகவும் செயற்படுகிறது. அதனுள் ஒரு சிறு கணினி உள்ளது. பல வகை மோடம்களில் லினக்சு கருனியும் பிசிபாக்சு என்னும் கட்டளைத் தொகுப்பும் இயங்குகின்றன. இணைப்பு ஏற்பட்டதும் அதற்குப் பொது இணைய முகவரி ஒன்று கிடைத்தால், அம்முகவரியை உலகின் எந்த மூலையிலிருந்தும் தொடர்புகொள்ள முடியும்.

பாதுகாப்புக் குறைபாடு

இத்தாக்குதலுக்கு இரண்டு குறைபாடுகள் ஒருசேர வழிவகுத்தன.

முதலாவது, மாற்றப்படாத கடவுச்சொல். மோடம்கள் 'அட்மின்' என்பது போன்ற ஒரே பயனர் பெயருடனும் கடவுச்சொல்லுடனும் தொழிற்சாலையிலிருந்து வந்தன. இணைப்பைப் பொருத்தித் தந்த பின்னர் வாடிக்கையாளர்களில் பலர் அப்பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டிய தேவையே எழவில்லை.

இரண்டாவது, திறந்திருந்த மேலாண்மைப் போர்ட். வாடிக்கையாளரின் மோடத்தைச் சேவை நிறுவனம் தொலைவிலிருந்து அமைக்கவும் புதுப்பிக்கவும் டி.ஆர்-069 என்னும் நெறிமுறை 2004 ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. இதற்கு வழக்கமாக 7547 ஆம் எண் போர்ட் பயன்படுகிறது. அப்போர்ட்டைச் சேவை நிறுவனத்தின் மேலாண்மை வழங்கி மட்டுமே அணுக வேண்டும். இங்கோ, பிணையத்திற்கு வெளியே இருந்தும் அதனை அணுக முடிந்தது.

இவற்றுள் முதலாவது வாடிக்கையாளர் மாற்றக்கூடியது. இரண்டாவதோ சேவை நிறுவனத்தின் பிணையத்தில் மட்டுமே முழுமையாக அடைக்கக்கூடியது. வெளியிலிருந்து மேலாண்மைப் போர்ட்டுகளை அடைய முடியாதிருந்தால், பொதுக் கடவுச்சொல் இருந்தும் வெளிநாட்டிலிருந்து நேரடியாக நுழைவது கடினமாகியிருக்கும்.

சிறிய ஊரில் உள்ள ஒரு வீட்டு மோடத்தை யார் தேடிவரப் போகிறார்கள் என்னும் எண்ணம் இங்குப் பொருந்தாது. தாக்குநர் ஊரையோ வீட்டையோ தேர்ந்தெடுப்பதில்லை. இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பில் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகளே உள்ளன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2013 இல் வெளியிட்ட இசட்மேப் என்னும் கருவி, விரைவான ஓர் இணைப்பிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் அவை அனைத்திலும் ஒரு போர்ட் திறந்துள்ளதா எனத் தேடவல்லது. இராஜபாளையத்தின் மோடமும் பெங்களூரின் மோடமும் இத்தேடலில் வெறும் இரண்டு எண்களே.

பிரிக்கர்போட்

பிரிக்கர்போட் பற்றிய அறிவிப்பை ராட்வேர் என்னும் பாதுகாப்பு நிறுவனம் 2017 ஏப்ரலில் வெளியிட்டது. தாக்குநர்களை ஈர்ப்பதற்காக அந்நிறுவனம் வைத்திருந்த பொறிக் கருவியில், 2017 மார்ச் 20 இலிருந்து நான்கு நாட்களில் 1,895 முயற்சிகள் பதிவாகியிருந்தன. அந்த அறிவிப்பின்படி இதன் செயற்பாடு பின்வருமாறு:

1. டெல்நெட் போர்ட் திறந்திருக்கும் கருவிகளில், பலராலும் அறியப்பட்ட பயனர் பெயர்களையும் கடவுச்சொற்களையும் கொண்டு உள்நுழைய முயலும்.
2. நுழைந்த பின் நினைவகப் பகுதிகளின் மீது பொருளற்ற தரவை எழுதும்.
3. இணைய வழித்தடத்தை நீக்கி, கோப்புகளை அழிக்கும்.
4. இறுதியாகக் கருவியை மீள இயக்கும். அதன் பின் இயங்குவதற்குக் கருவியில் மென்பொருள் இராது.

இதனை எழுதியவர் 'சானிட்டர்' என்னும் புனைபெயரில் ஊடகங்களுடன் தொடர்புகொண்டார். 2016 இல் பரவிய மிராய் என்னும் தீநிரல், பாதுகாப்பற்ற நிழற்படக் கருவிகளையும் திசைவிகளையும் கைப்பற்றிப் பெரும் தாக்குதல்களுக்குப் பயன்படுத்தியது. அத்தகைய கருவிகள் பிறர் கைக்குச் செல்லும் முன் அவற்றை அகற்றுவதே தம் நோக்கம் என்று அவர் கூறினார். 2017 டிசம்பரில் இப்பணியிலிருந்து விலகுவதாக அறிவித்தபோது, ஒரு கோடிக் கருவிகளைச் செயலிழக்கச் செய்ததாகக் குறிப்பிட்டார். இவ்வெண்ணிக்கை அவருடைய கூற்று மட்டுமே.

நிகழ்வு

2017 ஜூலை கடைசி வாரத்தில் இணைப்புத் துண்டிப்புகள் தொடங்கின. பி.எஸ்.என்.எல் தன் வாடிக்கையாளர்கள் அனைவரும் கடவுச்சொல்லை உடனே மாற்றுமாறு அறிவுறுத்தியது. கடவுச்சொல் மாற்றப்படாத சுமார் 2,000 மோடம்கள் பாதிக்கப்பட்டதாகவும், தன் மையப் பிணையமும் கட்டண அமைப்பும் பாதிக்கப்படவில்லை என்றும் நிறுவனம் முதலில் தெரிவித்தது. அடுத்த நாட்களில் வந்த செய்திகளில் இவ்வெண்ணிக்கை சுமார் 60,000 ஆகக் கூறப்பட்டது. கருநாடகத் தொலைத்தொடர்பு வட்டம் பெரிதும் பாதிக்கப்பட்டது.

7547 ஆம் போர்ட்டை வெளியிலிருந்து அணுக முடியாதவாறு பிணைய அளவில் அடைத்த பின்னரே தாக்குதல் தணிந்ததாகச் செய்திகள் தெரிவித்தன.

மீட்பு

மையப் பிணையத்தில் ஏற்படும் பழுதை ஓரிடத்தில் சரிசெய்தால் எல்லோருக்கும் சேவை திரும்பும். இத்தாக்குதலிலோ பழுது ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியே இருந்தது. இணைப்பே இல்லாததால் தொலைவிலிருந்து நிலைபொருளைப் பதியவும் இயலாது. மோடத்தைக் கையில் எடுத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

மோடத்தின் பின்புறமுள்ள மீட்டமைப் பொத்தானைப் பற்றி இங்கு ஒன்றைக் கருத வேண்டும். நிலைபொருள் அழிந்திருந்தால் அப்பொத்தானால் பயனில்லை. நிலைபொருள் தப்பியிருந்து அமைப்புகள் மட்டும் கெட்டிருந்தால் மோடம் மீண்டும் வேலை செய்யும். ஆனால் அதனுடன் தொழிற்சாலைக் கடவுச்சொல்லும் திரும்பிவிடும். உடனே கடவுச்சொல்லை மாற்றாவிடில் மோடம் முன்பிருந்த அதே ஆபத்தான நிலையை அடையும்.

ஒத்த நிகழ்வுகள்

* 2014, மிசுபார்ச்சூன் குக்கி: ரோம்பேஜர் என்னும் வலை வழங்கி மென்பொருளில் இருந்த இக்குறைபாட்டைச் செக்பாயிண்ட் நிறுவனம் வெளியிட்டது. சுமார் 1.2 கோடிக் கருவிகளில் இது இருந்தது. மென்பொருளை எழுதிய நிறுவனம் 2005 இலேயே திருத்தம் வெளியிட்டிருந்தும், அத்திருத்தம் வீடுகளிலிருந்த கருவிகளைச் சென்றடையவில்லை.
* 2016, ஜெர்மனி: நவம்பர் 27 அன்று டாய்ச் டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 இலட்சம் பேர் இணைப்பை இழந்தனர். மிராய் தீநிரலின் ஒரு வடிவம் 7547 ஆம் போர்ட் வழியே நுழைய முயன்றது. நுழைய முடியாவிட்டாலும், அம்முயற்சிகளின் பெருக்கமே திசைவிகளை முடக்கப் போதுமானதாக இருந்தது.
* 2023, அமெரிக்கா: அக்டோபர் மாதத்தில் ஒரே சேவை நிறுவனத்தின் 6 இலட்சத்திற்கும் மேற்பட்ட திசைவிகள் 72 மணி நேரத்திற்குள் நிலையாகச் செயலிழந்தன. 2024 மே மாதம் லூமென் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு இதனை வெளியிட்டது. இக்கருவிகளை மாற்ற வேண்டியிருந்தது.

சட்டமும் விவாதமும்

இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 இன் 43 ஆம் பிரிவு, உரியவரின் அனுமதியின்றிக் கணினியைச் சேதப்படுத்துவதையும் அணுகலை மறுப்பதையும் தடை செய்கிறது. தீய நோக்குடன் இதனைச் செய்வோருக்கு 66 ஆம் பிரிவின் கீழ் மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். தாக்கியவரின் நோக்கம் இணையத்தைக் காப்பது என்பது உரியவரின் அனுமதிக்கு ஈடாகாது.

பாதுகாப்பற்ற கருவிகளைச் சந்தையிலிருந்து அகற்ற வேறு வழியில்லை என்பது பிரிக்கர்போட்டை ஆதரித்தோரின் வாதம். கருவியை வடிவமைத்தவரோ போர்ட்டைத் திறந்து வைத்தவரோ அன்றி, அவற்றைப் பற்றி ஏதும் அறியாத பயனரே இழப்பை ஏற்க நேர்ந்தது என்பது எதிர்வாதம். இணைப்பு நின்ற நாட்களில் கட்டணம் செலுத்தவும் விண்ணப்பம் அனுப்பவும் முடியாமல் போனவர்களும் அவர்களே.

பின்னாளைய மாற்றங்கள்

எல்லாக் கருவிகளுக்கும் ஒரே கடவுச்சொல் வைக்கும் வழக்கத்தை நிறுத்துவதற்குப் பின்னர் பல நாடுகளில் விதிகள் வந்தன. கலிபோர்னியா மாநிலச் சட்டம் 2020 ஜனவரி 1 முதலும், ஐக்கிய இராச்சியத்தின் சட்டம் 2024 ஏப்ரல் 29 முதலும் நடைமுறைக்கு வந்தன. இந்தியாவில் தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் 2021 இல் வெளியிட்ட நுகர்வோர் கருவிகளுக்கான நடைமுறைக் கோவையில், பொதுக் கடவுச்சொல் கூடாது என்பதே முதல் நெறியாக உள்ளது.

செப்புக் கம்பி இணைப்புகள் பெருமளவில் கண்ணாடியிழை இணைப்புகளுக்கு இடம் விட்டுள்ளன. கண்ணாடியிழை முனையில் பொருத்தப்படும் பெட்டியும் நிலைபொருள் கொண்ட ஒரு திசைவியே என்பதால், மேற்கூறிய இரு குறைபாடுகளும் அதற்கும் பொருந்தும்.

பயனர்கள் செய்யத்தக்கவை

* மோடத்தின் மேலாண்மைப் பக்கத்திற்கான கடவுச்சொல்லை மாற்றுதல். இது வைஃபை கடவுச்சொல்லிலிருந்து வேறானது. ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது.
* தொலைநிலை மேலாண்மை, டெல்நெட் ஆகிய வசதிகள் தேவையில்லையெனில் அவற்றை நிறுத்துதல்.
* தயாரிப்பாளர் வெளியிடும் நிலைபொருள் புதுப்பிப்புகளை நிறுவுதல். புதுப்பிப்புகள் நின்றுபோன கருவியை மாற்றுதல்.
* மீட்டமைத்த ஒவ்வொரு முறையும் கடவுச்சொல்லை மீண்டும் மாற்றுதல்.
* இந்திய அரசு 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் சுவச்சதா கேந்திரா வழங்கும் இலவசத் தூய்மைக் கருவிகளைப் பயன்படுத்துதல்.

இவற்றையும் பார்க்க

* சேவை மறுப்புத் தாக்குதல்
* திசைவி
* மிராய் தீநிரல்
* டி.எஸ்.எல்